வாடகைக்காரர் வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள் ஆகும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாலு மாதமாக வாடகை வரவில்லை. 'அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்' என்கிறார். கேஸ் போட்டால் வீடு எப்போது கைக்கு வரும்? (மடிப்பாக்கம் வாசகர்)

'சரி, கழித்துக்கொள்கிறேன்' என்று வாட்ஸ்அப்பில்கூடப் பதில் போட்டுவிடாதீர்கள் சார், பாக்கியே இல்லை என்று வாதாட அதுவே அவருக்குப் போதும். தமிழ்நாட்டில் 1960-ன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2019 பிப்ரவரி 22 முதல் புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன்படி இரண்டு மாத பாக்கியே போதுமான காரணம், ஆனால் முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் பொறுக்க வேண்டும். வட்டியோடு மொத்தமும் கட்டிவிட்டால் அந்தக் காரணம் அடிபட்டுப் போகும். கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனு.

மனுவை 90 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில், அவர் ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டி ஆனால் (அதாவது அவர் இல்லாமலேயே தீர்ப்பானால்) ஆறேழு மாதம், வக்கீல் வைத்து எதிர்த்தால் அப்பீலோடு ஒன்றரை, இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் நிறைய நாள் வீணாவது விசாரணையில் இல்லை, சம்மன் சார்வு ஆவதில்தான், அதாவது அது அவர் கையில் போய்ச் சேர்வதில்தான். தபால் 'கதவு பூட்டியிருந்தது' என்று திரும்பும், வாய்தா விழும், கதவில் ஒட்ட உத்தரவு வாங்குவீர்கள், அமீனா (கோர்ட் ஊழியர்) போய் ஒட்டிவிட்டு வருவதற்குள் இன்னொரு வாய்தா. அதனால் அவருடைய ஆபீஸ் முகவரி, சொந்த ஊர் முகவரி எல்லாவற்றையும் மனுவிலேயே கொடுத்துவிடுங்கள்.

11 மாத அக்ரிமென்ட்தான் போட்டிருக்கிறோம், பதிவு செய்யவில்லை. பரவாயில்லையா? (கோவை வாசகி)

பரவாயில்லை என்று சொல்ல முடியாது அம்மா. 11 மாதம் என்றால் பதிவு வேண்டாம் என்று புரோக்கர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதை நம்பி மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. இந்தச் சட்டத்தில் எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தே ஆக வேண்டும், அரசின் இணையதளத்திலேயே செய்யலாம். பதியாத பத்திரத்தைக் காட்டி 'காலம் முடிந்தது, காலி செய்' என்று கேட்டால் அது சாட்சியமாக நிற்காது. உங்களுக்கு இருக்கும் வழி வேறு. முறையான ஒப்பந்தம் போட்டுப் பதிய வாருங்கள் என்று நோட்டீஸ் அனுப்புங்கள். வரவில்லை என்றால் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதே பிரிவு 21(2)(ஏ)-ன்படி காலி செய்யக் கேட்கும் காரணமாகிவிடும்.

கரண்டை நிறுத்தினால் தானாகப் போய்விட மாட்டாரா? (திருச்சி வாசகர்)

செய்யவே செய்யாதீர்கள். மின்சாரம், தண்ணீரை நிறுத்தக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அவர் புகார் கொடுத்தால் உடனே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வரும், உங்கள் மேல் அபராதமும் விழலாம். அப்புறம் உங்கள் நியாயமான வழக்கும் சேர்ந்து கெட்டுப்போகும்.

மதுரையில் வீட்டை ஒத்திக்கு விட்டிருக்கிறேன். காலம் முடிந்தும் போக மறுக்கிறார்.

மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாக வாங்கிய ஒத்தித் தொகை கையில் தயாராக இருக்கிறதா? முதல் கேள்வியே அதுதான். பதிவு செய்த ஒத்தி என்றால் அது அடமானக் கணக்கில் வரும், வாடகை நீதிமன்றத்துக்கு வேலை இல்லை. பணத்தை வாங்க மறுத்தால் கோர்ட்டிலேயே டெபாசிட் செய்துவிட்டு மீட்புக்கு வழக்குப் போடலாம்.

உத்தரவு வந்துவிட்டது, இன்னும் காலி செய்யவில்லை. (தாம்பரம் வாசகர்)

நீங்களே போய்ப் பூட்டை உடைக்க முடியாது, உத்தரவை அமல்படுத்தக் கேட்டு நிறைவேற்று மனு போட வேண்டும். அமீனா வரும் அன்று வீடு பூட்டியிருந்தால் கையைப் பிசைந்துகொண்டு திரும்ப வேண்டியதுதான். அதனால் பூட்டை உடைக்க அனுமதியும் போலீஸ் பாதுகாப்பும் கேட்டு முன்கூட்டியே மனு போடச் சொல்லுங்கள், ஒரு சுற்று அலைச்சல் மிச்சம். கூடவே, காலக்கெடு தாண்டி இருக்கும் மாதங்களுக்கு இரண்டு மடங்கு வாடகை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதை மனுவில் எழுதாமல் விட்டிருந்தால் இப்போதே வக்கீலிடம் பேசுங்கள்.