பெண்கள் எழுத்தறிவு வகுப்புக்கு எப்படி உதவலாம்? – கேள்வி பதில்

1990-களின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் எங்கள் ஊருக்கு வந்தபோது நான் கல்லூரி மாணவி. அன்று பிடித்த சாக்பீஸை இன்னும் கீழே வைக்கவில்லை. இப்போது கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் பக்கம் ஒரு சிறிய தொண்டு நிறுவனம் நடத்தும் மாலை வகுப்பில் பாடம் எடுக்கிறேன், வரவு செலவும் பார்க்கிறேன். அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) பருப்பு உடைப்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், மீன் விற்கிறவர்கள்தான் எங்கள் மாணவிகள். உதவ விரும்புகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, படிப்பில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நம்முடையது. இங்கே எதற்கு எழுத்தறிவு வகுப்பு? (நாகர்கோவிலில் இருந்து ஒருவர்)

முதலிடம் உண்மைதான். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு சுமார் 92 சதவீதம். அதே கணக்கில் பெண்களை மட்டும் பார்த்தால் சுமார் 90. அப்படியென்றால் பத்தில் ஒரு பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இருநூறு வருஷத்துக்கு முன்பே நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்த மண் இது. அந்தப் பெருமையே இந்தப் பெண்களுக்குப் பாரமாகிவிட்டது. சுற்றிலும் எல்லாரும் படித்தவர்களாக இருக்கும் ஊரில் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல வாய் வராது. பேங்கில் ‘கண்ணாடியை மறந்துட்டேன் மக்களே, நீயே எழுதிக் குடு’ என்பார்கள். அந்த வார்த்தையை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

இப்போது போனில் வாயால் பேசினாலே எல்லாம் வருகிறதே. ஐம்பது வயதில் அ, ஆ படித்து என்ன ஆகப் போகிறது? (தக்கலை)

எங்களிடம் வரும் ஒரு அக்கா குழுக் கடன் வாங்கியிருந்தார். வாராவாரம் கட்டினார். கட்டிய தொகையை அட்டையில் யார் யாரோ எழுதினார்கள். படிக்கத் தொடங்கிய நான்காம் மாதம் அந்த அட்டையை வகுப்புக்கே கொண்டுவந்து, விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி வாசித்தார். இரண்டு வாரத் தவணை ஏறவே இல்லை. மறுநாள் போய்க் கேட்டார், ஏற்றிக்கொடுத்தார்கள். போன் அவருக்காக அதைக் கேட்டிருக்காது.

இன்னொன்றும் உண்டு. படிக்கத் தெரியாதவருக்கு ரகசியம் கிடையாது. மகன் அனுப்பிய மெசேஜ், பேங்க் ஓடிபி, டாக்டர் எழுதிய சீட்டு, எல்லாவற்றையும் இன்னொருவர் கையில் கொடுத்தே ஆகவேண்டும். தன் விஷயத்தைத் தானே வாசிப்பதற்கு வயது வரம்பு கிடையாது.

நான் குவைத்தில் இருக்கிறேன். பணம் அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டச் சிக்கல் வருமா?

தம்பி, உங்களிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. நிறுவனம் பாஸ்போர்ட் நகல் கேட்கும், தயங்காமல் கொடுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் கதை வேறு. இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அவர்கள் பணம் வெளிநாட்டுப் பணம்தான். அதற்கு நிறுவனம் அந்த வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி எஃப்சிஆர்ஏ பதிவு வைத்திருக்க வேண்டும், பணமும் அதற்கென்று டெல்லி ஸ்டேட் பேங்க் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். பதிவு இல்லாத சின்ன நிறுவனத்துக்கு அப்படி அனுப்பிவிட்டால் மாட்டிக்கொள்வது அந்த நிறுவனம்தான்.

எவ்வளவு அனுப்புவது என்றும் கேட்டிருந்தீர்கள். மொத்தமாகப் பத்தாயிரம் ஒரு தடவை வருவதைவிட, மாதம் இருநூறு விடாமல் வருவது எங்களுக்குப் பெரிது. மொத்தமாக வரும் பணத்தில் ஃபேன் வாங்கலாம், போர்டு வாங்கலாம். ஆனால் டீச்சருக்கு மாதாமாதம் கொடுக்கிற மதிப்பூதியத்தை நம்பித்தான் வகுப்பு நடக்கிறது. அது இரண்டு மாதம் நின்றால் டீச்சர் வேறு வேலை பார்ப்பார். வகுப்பு ஒரு மாதம் மூடினால் பாதிப் பேர் திரும்ப வரமாட்டார்கள். வெட்கத்தை விட்டு ஒரு தடவை வருவதே அவர்களுக்கு மலை. இன்னொரு தடவை ஏறு என்றால் எப்படி?

ஏமாற்று நிறுவனமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வரிச்சலுகை உண்டா? (மார்த்தாண்டம்)

ரசீது, தணிக்கை செய்த கணக்கு, நிறுவனத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏ பதிவு, கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவு எல்லாம் கேளுங்கள். 80ஜி சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் சலுகை கிடையாது. காகிதமெல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு நாள் சொல்லாமல் வகுப்பு நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். வருகைப் பதிவேட்டில் எல்லா நாளும் எல்லாரும் வந்ததாக இருந்தால் சந்தேகப்படுங்கள். நம் ஊரில் இரண்டு மழைக்காலம், கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாண மாதம் எல்லாம் உண்டு. நிஜமான பதிவேட்டில் ஓட்டை இருக்கும்.

வீட்டில் பிள்ளைகளின் பழைய புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. தரலாமா?

வேண்டாம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பேரன் பேத்தி எடுத்தவர் கையில் ‘நிலா நிலா ஓடி வா’ புத்தகத்தைக் கொடுத்தால் அவர் கூசிப்போவார். அதற்குப் பதில் வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கித்தாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்களில் பலர் ‘எனக்கு மண்டையில ஏறல்ல’ என்று நின்றுவிடுகிறார்கள். ஏறாதது மண்டையில் அல்ல, கண்ணில். வகுப்பு தொடங்கும் முன் கண் பரிசோதனைக்கு ஒருவர் பொறுப்பேற்றால் அது ஆயிரம் புத்தகத்துக்குச் சமம்.

நான் கல்லூரியில் படிக்கிறேன், பணம் இல்லை. பாடம் நடத்தலாமா? எப்படித் தொடங்குவது? (கருங்கல்)

தாராளமாக. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் உங்களைப் போன்ற தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கிறது. பக்கத்து அரசுப் பள்ளியில் தலைமையாசிரியரைப் பாருங்கள்.

247 எழுத்தையும் வரிசையாக எழுதவைக்காதீர்கள். ட, ப, ம என்று கோடு போட்டாலே வந்துவிடும் எழுத்துகளில் தொடங்குங்கள். படம், பட்டா, மடம் என்று முதல் நாளே வார்த்தை வந்துவிடும். ‘பட்டா’ என்று வாசித்ததும் அவர்கள் முகத்தைப் பாருங்கள். அது அவர்கள் வாழ்க்கையில் எத்தனை நாள் அலையவைத்த வார்த்தை!

பென்சில் பிடிக்கச் சிரமப்பட்டால் அவசரப்படுத்தாதீர்கள். அண்டித் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருக்கும். மெல்லிய பென்சில் அந்த விரலில் உறுத்தும். நாங்கள் பென்சிலில் பழைய துணியைச் சுற்றி நூலால் கட்டிக்கொடுக்கிறோம். கொஞ்ச நாள் ஸ்லேட்டில் விரலாலேயே எழுதினாலும் சரிதான்.

கணக்கை அவர்களிடமே படியுங்கள். குளச்சல் பக்கமிருந்து வரும் மீன்காரம்மா ஏலம் எடுத்த விலை, ஆட்டோ, ஐஸ் எல்லாம் கழித்து ஒரு கூறு என்ன விலைக்கு விற்றால் கட்டும் என்று நான் போனை எடுப்பதற்குள் சொல்லிவிடுவார். அவருக்குத் தெரியாதது அந்த எண்ணை எழுதுவது மட்டும்தான்.

எங்கள் பக்கம் சிலருக்கு மலையாளம் கொஞ்சம் படிக்கத் தெரியும். அவர்களுக்குத் தமிழ் எதற்கு? (களியக்காவிளை)

ரேஷன் கடை பில்லும் பஸ் போர்டும் தமிழில்தானே இருக்கின்றன. ஒரு எழுத்து தெரிந்தவருக்கு இன்னொன்று சீக்கிரம் வரும். அவர்களை முன்வரிசையில் உட்காரவையுங்கள்.

பணம் கொடுத்தால் படிக்கும் பெண்களின் போட்டோ அனுப்புவீர்களா? எங்கள் நண்பர்கள் குழுவில் போட வேண்டும்.

மாட்டோம். பாதிப் பேர் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் வருகிறார்கள். மருமகளுக்குத் தெரியாமல் வருகிறவரும் உண்டு. வேண்டுமானால் அவர்கள் சம்மதத்தோடு, எழுதிய நோட்டுப் பக்கத்தை அனுப்புகிறோம்.

எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு நானே சொல்லிக்கொடுக்கலாமா?

இதைவிட நல்ல உதவி ஏது? ஆனால் வேலை முடிந்த பிறகு களைப்போடு இருக்கும் நேரத்தில் வேண்டாம். வேலை நேரத்திலேயே அரை மணி ஒதுக்குங்கள், சம்பளத்தைக் குறைக்காதீர்கள். தரையில் அல்ல, உங்கள் மேஜையில் உங்களுக்குச் சமமாக நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். முதல் நாள் அவர் பெயர். தானே எழுதிய பெயரை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும், அந்தத் தாளைக் கிழித்துக் கொடுங்கள். அடுத்து என்ன எழுத ஆசை என்று அவரிடமே கேளுங்கள். நான் கேட்ட அத்தனை பேரும் பிள்ளைகள் பெயரைத்தான் சொன்னார்கள்.