‘ரைஃப்’ எங்கே நிற்கும்?

வணக்கம். கொழும்பில் டெங்கு பரவியிருப்பதைப் பற்றிய அலுவலக அறிக்கையில் ‘பரவலான டெங்கு’ என்ற பொருளில் நீங்கள் எழுதிய ‘ரைஃப் டெங்கு’ (rife dengue) என்ற ஆங்கிலத் தொடரை மேலதிகாரி ஏன் வெட்டினார் என்று கேட்டிருக்கிறீர்கள். பொருளில் பிழையில்லை, சொல் நிற்கும் இடத்தில்தான் பிழை. இன்றைய ஆங்கிலத்தில் ‘ரைஃப்’ பொதுவாகப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருவதில்லை. ‘டெங்கு இஸ் ரைஃப்’ என்று வினையை அடுத்தே நிற்கும். இடத்தை எழுவாயாக்கினால் ‘வித்’ சேர வேண்டும்: ‘த சிட்டி இஸ் ரைஃப் வித் ரூமர்ஸ்’. நமது ‘பரவலான’ எப்போதும் முன்னால் வந்து பழகியதால் இத்தடுமாற்றம் இயல்பானதே.

ஊழல், வதந்தி, நோய் போன்ற வேண்டாதவற்றுக்கே அச்சொல் பெரும்பாலும் வழங்குவதால், வெள்ளவத்தையில் தமிழ் பரவலாகப் பேசப்படுகிறது என்பதற்கு அதைக் கையாண்டால், தமிழே ஒரு தொற்றுநோய் என்பதுபோல ஒலிக்கும்.

உங்கள் அறிக்கைக்கு, பெயருக்கு முன்னும் பின்னும் வரக்கூடிய ‘வைட்ஸ்ப்ரெட்’ பொருந்தும். ‘ப்ரெவலன்ட்’ என்பதும் தகும். ஆயினும் அதன் பெயர்ச்சொல் வடிவமான ‘ப்ரெவலன்ஸ்’ என்பது சுகாதாரப் புள்ளிவிவரத்தில் குறித்த காலத்தில் நோயோடு இருப்போரின் விகிதத்தைக் குறிப்பதால், வாராந்தம் புதிதாகப் பதிவாகும் நோயாளரைச் சொல்லுமிடத்தில் ‘இன்சிடன்ஸ்’ என்றே எழுதுங்கள்.