பி.ஆர் போதாதா, குடியுரிமையும் வேண்டுமா?

தம்பி, பி.ஆர் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) கைக்கு வந்தாயிற்று, வேலையும் நிலைத்துவிட்டது, இனி தென்னாப்பிரிக்கக் குடியுரிமை வாங்கினால் கூடுதலாக என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். டர்பனுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் எல்லோரிடமும் கேட்டேன்.

1996 அரசியலமைப்பில் உரிமைகள் பெரும்பாலும் ‘ஒவ்வொருவருக்கும்’ என்றுதான் எழுதியிருக்கிறது. நியாயமான விசாரணை, அவசர சிகிச்சை, வழிபாடு, பிள்ளையின் அடிப்படைக் கல்வி எல்லாம் இப்போதே உங்களுக்கு உண்டு. குடிமக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியவை கொஞ்சம்தான்: ஓட்டு, தேர்தலில் நிற்பது, பாஸ்போர்ட் போன்றவை. பி.ஆரை வைத்துக்கொண்டு நகராட்சித் தேர்தலில்கூட ஓட்டுப் போட முடியாது. வீட்டுவரி கட்டுகிறோம், குழாயில் தண்ணீர் நின்றால் தவிக்கிறோம், ஆனால் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க நமக்கு வழியில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது.

என் முதல் ஓட்டு 2011 மே உள்ளாட்சித் தேர்தலில். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு பள்ளிக்கூட வரிசை. எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு ஆயா. இடது கட்டைவிரல் நகத்தில் மை வைத்ததும், அது காயும்வரை விரலைத் தனியே நீட்டிப் பிடித்தபடி நின்றார். அவருடையது, இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த குடும்பம். முதல் கப்பல் வந்தது 1860இல். இந்தியர்களை இந்நாட்டின் நிரந்தர மக்கள் என்று அரசு ஒப்புக்கொண்டதோ 1961இல். இங்கேயே பிறந்த ஆயா, எல்லோரோடும் சமமாக நின்று முதல்முறை ஓட்டுப் போட்டது 1994இல், பேரன் பேத்தி எடுத்த பிறகு. தமிழில் நாலு வார்த்தைதான் அவருக்கு வரும். என் விரலைப் பிடித்துப் பார்த்து, “நல்லது” என்றார்.

ஓட்டோடு கடமை முடியாது. நகராட்சி தன் பட்ஜெட் வரைவை ஆண்டுதோறும் மக்கள் கருத்துக்கு வைக்கிறது. அந்தக் கூட்டங்களை நம்மவர்கள் அதிகம் எட்டிப்பார்ப்பதில்லை. அது எனக்கு வருத்தம். இதற்குக் குடியுரிமைகூடத் தேவையில்லை, நீங்கள் இப்போதே போகலாம்.

சரி, இழப்பையும் சொல்ல வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருந்தால் விசா இல்லாமல் ஊருக்குப் போய்வரலாம், ஆனால் அங்கே ஓட்டில்லை, விவசாய நிலமும் வாங்க முடியாது. ஒப்படைத்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாஸ்போர்ட் ஒன்றுக்காக மட்டும் என்றால் அவசரப்படாதீர்கள். இதுதான் என் ஊர் என்று மனசு சொல்லும்போது விண்ணப்பியுங்கள்.

அப்புறம், அடையாள அட்டை வந்ததும் வாக்காளர் பட்டியலில் பெயர் தானாக ஏறிவிடாது. குடியிருக்கும் வார்டிலேயே நீங்களாகப் பதிவு செய்ய வேண்டும், வீடு மாறினால் மறுபடியும்.