வீடு மாறிய பிறகு மனசு ஒட்டவே மாட்டேன் என்கிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

திருவல்லிக்கேணியில் 19 வருடம் ஒரே வாடகை வீடு. இடித்துக் கட்டப்போகிறேன் என்று ஓனர் சொன்னதும் மடிப்பாக்கத்துக்குக் குடிவந்தோம். அதுவும் சென்னைதான். ஆனால் அம்மாவுக்கு அது வெளியூர்.

முதல் வாரம் மூட்டை பிரிப்பதிலேயே போய்விட்டது. இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி பாத்ரூம் போக எழுந்தேன். கை தானாக இடதுபக்கச் சுவரில் ஸ்விட்சைத் தேடியது. வெறும் சுவர். இருட்டில் நின்று அழுதேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் அம்மாவின் கட்டிலைப் பழைய வீட்டில் இருந்தபடியே, ஜன்னல் வலதுகைப் பக்கம் வருமாறு திருப்பிப் போட்டேன். சமையலறையிலும் அப்படித்தான்: அஞ்சறைப்பெட்டி அடுப்புக்கு இடப்பக்கம், அரிசி டிரம் கதவுக்குப் பின்னால். அழகே போச்சு என்றாள் தங்கை. போகட்டும். அன்றைக்குத்தான் அம்மா எது எங்கே என்று யாரையும் கேட்காமல் ரசம் வைத்தார். மற்ற பெட்டிகளை ஒரு மாதம் பிரிக்கவே இல்லை.

இன்னொன்று, தண்ணீர். "இந்த வீட்ல காபி கூட நல்லா வரல" என்று அம்மா தினமும் புலம்புவார். துவரம்பருப்பும் வேகாது. எல்லாம் ஏக்கம் என்றே நினைத்தேன். பார்த்தால் போர் தண்ணீர் அவ்வளவு உப்பு! காபிக்கும் பருப்புக்கும் கேன் தண்ணீர் என்று ஆனதும் புலம்பல் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்கு, சனிக்கிழமைதோறும் பார்த்தசாரதி கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன்.

அப்புறம் அலைச்சல் வேலைகள். கேஸ் இணைப்பை ஊருக்குள்ளேயே அதே கம்பெனியின் வேறு ஏஜென்சிக்கு மாற்றினால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் திருப்பித் தர வேண்டியதில்லை. சாவி வாங்கும் அன்றே ஈபி மீட்டரை போட்டோ எடுத்து வையுங்கள். முன்பு இருந்தவர் ஓட்டிய யூனிட் உங்கள் தலையில் விழாது. பழைய வீட்டு அட்வான்ஸை, நாம் தரவேண்டிய பாக்கி போக, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் தந்துவிட வேண்டும் என்கிறது 2017-ல் வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். அது தெரியாமல் நான் இரண்டு மாதம் நடந்தேன். கடைசியில் பெயின்ட் செலவு என்று 8,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார். இடிக்கப்போகிற வீட்டுக்கு!