அட்டைக்காகவே வாங்கலாமா?

கேள்வி: பழைய விண்வெளி நாவல்களின் அட்டைப்படங்கள் மீது எனக்குப் பைத்தியம். அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ நாவலை லண்டன் பாந்தர் நிறுவனம் 1970களில் பேப்பர்பேக்காக வெளியிட்டதல்லவா? அதன் பிரதி ஒன்றை, ‘கிறிஸ் ஃபாஸ் அட்டை, முதல் பதிப்பு’ என்று சொல்லி இணையத்தில் ஒருவர் 4,000 ரூபாய்க்கு விற்கிறார். வாங்கலாமா?

பதில்: அட்டை ஓவியர் ஃபாஸ் வரைந்ததாகவே இருக்கலாம். முதல் பதிப்பு என்பது வெறும் கதை. அந்த நாவல் நூலாக முதலில் வந்தது 1951இல், அமெரிக்காவின் நோம் பிரஸ் வெளியீடாக. பாந்தருடையது மறுபதிப்பு. பதிப்புரிமைப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறு அச்சு கண்ட ஆண்டுகளைப் பிரிட்டிஷ் பேப்பர்பேக்குகளில் வரிசையாகப் போட்டிருப்பார்கள். கடைசியில் இருப்பதுதான் அந்தப் பிரதியின் வயது. விலையையும் பாருங்கள். பிரிட்டன் 1971 பிப்ரவரியில் தசம நாணயத்துக்கு மாறியது. விலை பழைய நாணயமான ஷில்லிங்கில் மட்டும் இருந்தால், அநேகமாக அதற்கு முந்தைய அச்சு.

‘ஃபாஸ்’ என்ற பெயரையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அவர் பாணி விற்றதால் அதே சாயலில் வரைந்தவர்கள் பலர். ஐஎஸ்எஃப்டிபி (ISFDB) என்ற இலவச அறிவியல் புனைகதை இணையத் தரவுத்தளத்தில் பதிப்புவாரியாக ஓவியர் பெயர் கிடைக்கும்.

உங்கள் பைத்தியம் எனக்கும் உண்டு. ஃபாஸின் கப்பல்களில் ராக்கெட்டின் வழவழப்பு கிடையாது. கட்டுமான இடத்து இயந்திரம்போல மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை, ஏர்பிரஷ் என்ற வண்ணம் தெளிக்கும் கருவியால் ஊதிய புகை, ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஜன்னல்கள். அந்த ஜன்னலைக் கவனித்த பிறகுதான் கப்பல் ஒரு நகரம் அளவு என்பதே உறைக்கும். கதைக்கும் படத்துக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அட்டைக்காக வாங்குபவர் அட்டையைத்தான் சோதிக்க வேண்டும். முதுகில் வெள்ளைக் கோடுகளாக மடிப்பு, வெயிலில் வெளுத்த சிவப்பு, விலைச்சீட்டைப் பிய்த்தபோது உரிந்த வண்ணம், இராமபாணம் துளைத்த ஓட்டை. நான் ஒருமுறை ‘புத்தம் புதிது போல’ என்ற பேச்சை நம்பி வாங்கினேன்; முதுகின் மடிப்புகளைக் கறுப்பு மார்க்கரால் தீட்டி வைத்திருந்தார்கள். விளக்கடியில் சாய்த்துப் பிடித்தபோது அந்த மை மட்டும் தனியாகப் பளபளத்தது. ஆகவே சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள். ஆயிரக்கணக்கில் அச்சான புத்தகம், இன்னொன்று வரும்.

கேள்வி: ‘ஏஸ்’ நிறுவனத்தின் 1950களின் நாவல் ஒன்று வாங்கினேன். பாதிப் புத்தகம் தலைகீழாக அச்சாகியிருக்கிறது. விற்றவர் மாற்றித் தர மறுக்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம், தோற்றுப்போவீர்கள். உங்களிடம் இருப்பது ‘ஏஸ் டபுள்’. நியூயார்க்கின் ஏஸ் நிறுவனம் 1952இல் தொடங்கிய வரிசை அது. ஒரே புத்தகத்தில் இரண்டு நாவல்கள், ஒன்றுக்கொன்று தலைகீழாக. பின்னட்டை என்பதே கிடையாது. இரு பக்கமும் முன்னட்டைதான், இரண்டிலும் தனித்தனி ஓவியம். அடுத்த முறை வாங்கும்போது இரண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல முகத்தை மட்டும் காட்டி விற்பவர்கள் உண்டு.