பாங்காக் போகிறேன் அண்ணா, எதையெல்லாம் பார்த்துக்கொள்ளணும்?

கடலூர், புதுச்சேரி பக்கத்து தன்பாலீர்ப்பு ஆண்கள் சிலர் பாங்காக் போகக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாதிப் பேருக்கு இதுதான் முதல் விமானப் பயணம். நான் பல முறை போய் வந்தவன் என்பதால் என்னிடம் கேட்டார்கள். கேள்விகள் வந்த வரிசையிலேயே இருக்கின்றன. பெயர் யாருக்கும் போடவில்லை, ஊர் மட்டும்.

திருப்பாதிரிப்புலியூர்: அண்ணா, அங்கே நம்மை மாதிரி ஆட்களைப் போலீஸ் தொந்தரவு செய்யுமா?

செய்யாது தம்பி. தாய்லாந்தில் ஆணும் ஆணும் சேர்வது 1956-லிருந்தே குற்றமில்லை. 2025 ஜனவரி 23 முதல் இரண்டு ஆண்கள் சட்டப்படி கல்யாணமே பதிவு செய்துகொள்ளலாம். நம் நாட்டில் ஆணும் ஆணும் சேர்வதைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப் பிரிவின் பிடி விட்டது 2018 செப்டம்பர் 6-இல்தான். அந்தப் பயத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

முதல் முறை போனபோது பாங்காக்கின் சலா டேங் ரயில் நிலையத்தின் எஸ்கலேட்டரில் எனக்கு முன்னால் இரண்டு ஆண்கள் நின்றார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒருவர் கையில் காய்கறிப் பை. மற்றவர் அவருடைய சட்டைக் காலரை மடித்து நேராக்கிவிட்டு, கையை அப்படியே தோளில் வைத்துக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

அதே சமயம், அது அடக்கமான ஊர். ஆண் பெண் ஜோடிகூட ரயிலில் முத்தம் கொடுப்பதில்லை. கை கோத்து நடங்கள், அது போதும். அப்புறம், ராஜா குடும்பத்தைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். அதற்கு 3 முதல் 15 வருஷம் வரை சிறை.

முத்தியால்பேட்டை: எனக்குப் பத்தாவது பாஸ் இல்லை, பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்று இருக்கிறது. சென்னையில் நிறுத்திவிடுவார்களா?

ஈசிஆர் என்றால், சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும் என்ற குறிப்பு. சுற்றுலாவுக்குப் போகிறவரை அதற்காகவே நிறுத்த முடியாது. ஆனால் ஈசிஆர் பட்டியலில் தாய்லாந்தும் உண்டு, அதனால் கேள்வி வரும். திரும்பி வரும் டிக்கெட், ஓட்டல் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கு ஓர் அத்தாட்சி, மூன்றையும் பேப்பரில் எடுத்துக் கையில் வைத்திருங்கள். இருபதுகளில் தனியாகப் போகும் பையன்களைக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கிறார்கள். ஏன் என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன். "சுற்றிப் பார்க்க, ஐந்து நாள், இந்த ஓட்டல்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். நீங்கள் யார், யாரைப் பிடிக்கும் என்பதெல்லாம் அவர்கள் கேட்கிற விஷயமே இல்லை.

விசா: 2023 நவம்பரிலிருந்து இந்தியர்களை விசா இல்லாமல் விட ஆரம்பித்தார்கள். எத்தனை நாள் என்பதை இடையில் மாற்றவும் செய்தார்கள். டிக்கெட் போடும் முன் தாய் தூதரகத்தின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். 2025 மே மாதத்திலிருந்து டிஜிட்டல் வருகை அட்டையும் கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் போலி, மூடிவிடுங்கள்.

நெல்லிக்குப்பம்: டேட்டிங் ஆப்பில் ஒருவர் பழக்கம். மூன்று மாதமாகப் பேசுகிறோம். பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, 80,000 சம்பளம், டிக்கெட்டும் தானே போடுகிறேன் என்கிறார். போகலாமா?

போகாதீர்கள். இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இப்படித்தான் ஆட்களை வரவழைப்பார்கள். பாங்காக்கில் இறங்கியதும் கார் வரும். மே சோட் என்ற எல்லை ஊர் வரை ஓட்டிக்கொண்டு போய், ஆற்றைக் கடந்து மியான்மரின் மியாவாடிப் பக்கம் இறக்கிவிடுவார்கள். அங்கே வேலி போட்ட வளாகத்தில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, நாள் முழுக்க ஆன்லைன் மோசடி வேலை வாங்குவார்கள். மறுத்தால் அடி. 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 500 பேருக்கு மேல் இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மே சோட்டிலிருந்து மீட்டு வந்தார்கள். சென்னையில் அதிகாரி உங்களைக் குடைவதற்கும் இதுதான் காரணம்.

நம்மைப் பிடிப்பது இவர்களுக்கு இன்னும் சுலபம் தம்பி. நாம் யாரிடம் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக மாட்டோம், காணாமல் போனாலும் தேடுவதற்கு யாருக்கும் துப்பு இருக்காது என்று தெரிந்தே பேசுவார்கள். அவரை வீடியோவில் வரச் சொல்லுங்கள், கம்பெனியின் பெயரையும் முகவரியையும் கேளுங்கள். மழுப்பினால் பிளாக் செய்யுங்கள். மூன்று மாதப் பேச்சு அறுந்துபோவது வலிக்கும், எனக்குத் தெரியும். வலித்தால் எனக்குப் போன் பண்ணுங்கள்.

பொதுவாகவே, போகிற யாராக இருந்தாலும் ஓட்டல் பெயர், விமான எண், திரும்பும் தேதி மூன்றையும் நம்பிக்கையான ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

லாஸ்பேட்டை: நாங்கள் இருவர், ஆறு வருஷமாகச் சேர்ந்திருக்கிறோம். ஒரே கட்டில் உள்ள அறை கேட்டால் ஏதாவது சொல்வார்களா?

ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நம் பக்கத்தில் ஒரு விடுதியில் "இரண்டு ஆம்பளைக்கு எதுக்கு டபுள் காட்?" என்று கேட்டு எங்களை நடு ராத்திரியில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அங்கே சாவியைக் கொடுத்துவிட்டுக் காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று சொல்வார்கள், அவ்வளவுதான்.

நம் ஆட்கள் கூடும் சீலோம் பகுதியில் தங்குங்கள். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து ஏர்போர்ட் ரயிலில் பயா தாய், அங்கிருந்து மேம்பால ரயிலில் சயாம், அங்கே மாறிச் சலா டேங். பெட்டி பெரியதாக இருந்தால் கிராப் ஆப்பில் (நம் ஊர் ஓலா மாதிரி) கார் போடுங்கள், பேரம் பேச வேண்டியதில்லை.

தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். அறைக்கு யாரையாவது கூட்டி வந்தால், சில ஓட்டல்கள் கூடுதல் கட்டணம் கேட்கும். வந்தவரின் அடையாள அட்டையை வரவேற்பில் வாங்கி வைத்து, போகும்போது உங்களுக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். இதை அவமானமாக நினைக்காதீர்கள். உங்கள் பாதுகாப்புக்குத்தான். வந்தவரின் வயதும் அதில் தெரிந்துவிடும். 18-க்குக் கீழே என்றால் அங்கே கடுமையான குற்றம். நம் நாட்டிலும் அது குற்றம்தான். அட்டை காட்ட மறுக்கிறவரை மேலே கூட்டிப்போகாதீர்கள்.

பண்ருட்டி: ராத்திரி எங்கே போவது? நான் குடிக்க மாட்டேன், ஆங்கிலமும் சுமார்தான்.

சீலோம் சோய் 4-இல் ஆரம்பியுங்கள். சோய் என்றால் சந்து. சலா டேங் நிலையத்திலிருந்து இறங்கினால் இரண்டு நிமிஷ நடை. சின்னச் சந்து, இரண்டு பக்கமும் பார், வெளியிலேயே நாற்காலி போட்டிருப்பார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. ஒரு சோடாவோ இளநீரோ வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காரலாம். உங்கள் மேசையில் ஒரு சின்னக் குவளையை வைத்து, ஒவ்வொன்று வாங்கும்போதும் சீட்டைச் சுருட்டி அதில் செருகுவார்கள். அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் போட சோய் 2. அங்கே வாசலில் கட்டணம் வாங்குவார்கள், பாஸ்போர்ட் பார்ப்பார்கள். 20 வயது முடிந்தால்தான் உள்ளே விடுவார்கள். பத்தரைக்கு முன்னால் போனால் காலியாக இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்து திரும்பிவிடாதீர்கள்.

பக்கத்திலேயே இருக்கும் பட்போங் தெருவில் கையில் அட்டையைக் காட்டி "மாடிக்கு வா, ஷோ இலவசம்" என்று கூப்பிடுவார்கள். போகாதீர்கள். என்னையும் ஒரு நண்பரையும் அப்படி ஒரு மாடியில் உட்காரவைத்து, இரண்டு கோலாவுக்கு 3,000 பாட் (தாய்லாந்துப் பணம்) கேட்டுக் கதவை மறித்துக்கொண்டு நின்றார்கள். அப்படி மாட்டினால் சண்டை போடாமல் கொடுத்துவிட்டு வெளியே வந்து 1155-ஐ அழையுங்கள். சுற்றுலாப் போலீஸ், ஆங்கிலம் பேசுவார்கள்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். "சவாதீ க்ரப்" என்று கைகூப்புங்கள். ஆண்கள் எந்த வாக்கியத்தின் முடிவிலும் "க்ரப்" சேர்த்தால் மரியாதை.

வில்லியனூர்: அங்கே ஆப்பில் பாதிப் பேர் "இந்தியர் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார்களாமே. அதைக் கேட்டதிலிருந்து போகவே மனசில்லை.

சிலர் எழுதுகிறார்கள், உண்மைதான். நானும் பார்த்துக் கலங்கி, ஓட்டல் அறையை விட்டு வெளியே வராமல் ஒரு நாள் முழுக்கக் கிடந்திருக்கிறேன். நிறத்தைப் பார்த்து ஒருவன் உங்களை ஒதுக்கினால் அது அவன் குறை. அவனுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், உங்கள் நேரம் ஐந்து நாள்தான்.

ஆப்பை மூடிவிட்டு ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். நேரில் பார்க்கும்போது கதையே வேறு. சோய் 4-இல் பக்கத்து மேசைக்காரரிடம் "எந்த ஊர்?" என்று கேட்டதில் எனக்குக் கிடைத்த நண்பர் ஒருவர் இன்றைக்கும் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறார்.

ஆனால் நம் ஆட்கள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆறேழு பேராகப் போய் நின்று வெறித்துப் பார்ப்பது, பரிமாறும் பையன் தோளில் கேட்காமல் கை போடுவது, சிரித்ததையே சம்மதமாக எடுத்துக்கொள்வது. இதையெல்லாம் நேரில் பார்த்திருக்கிறேன். தாய் ஆட்கள் பிடிக்காவிட்டாலும் சிரித்துக்கொண்டுதான் விலகுவார்கள். கேட்டுவிட்டுத் தொடுங்கள். அனுமதி இல்லாமல் யாரையும் போட்டோ எடுக்காதீர்கள். அங்கேயும் வீட்டுக்குத் தெரியாமல் வந்து உட்கார்ந்திருப்பவன் இருப்பான்.

கடலூர் முதுநகர்: எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அங்கே ஏதாவது நடந்தால், திரும்பி வந்ததும் டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதுமா?

போதாது சார். இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள்.

இன்றைக்கு எடுக்கும் பரிசோதனை நேற்று நடந்ததைக் காட்டாது. ஆய்வகத்தில் எடுக்கும் நான்காம் தலைமுறை எச்ஐவி பரிசோதனைக்குக்கூட 45 நாள் கழிந்தால்தான் முடிவை நம்பலாம். அந்த நாட்கள் முடிந்து, பரிசோதனையில் இல்லை என்று வரும்வரை வீட்டில் ஆணுறை இல்லாமல் சேரக் கூடாது. உங்கள் மனைவிக்கு ஒன்றும் தெரியாது, அவரைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு.

அதைவிட நல்லது முன்கூட்டியே தயாராவது. ஆணுறையும் நீர் சார்ந்த ஜெல்லும் இங்கிருந்தே எடுத்துப்போங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஆணுறை கிழியும். எச்ஐவி தொற்றாமல் இருக்க முன்கூட்டியே போடும் பிரெப் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தினமும் ஒன்று போடலாம். பயணத்துக்கு மட்டும் என்றால் உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன் இரண்டு மாத்திரை, பிறகு 24 மணிக்கு ஒன்று என்று கடைசி உறவுக்குப் பின் இரண்டு நாள் வரை. இது டெனோஃபோவிர் டிஎஃப், எம்ட்ரிசிட்டபின் சேர்ந்த மாத்திரைக்கு மட்டும்தான். தொடங்கும் முன் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சிறுநீரகம் மூன்றையும் பார்த்தாக வேண்டும். ஹெபடைட்டிஸ் பி இருப்பவர்கள் இந்தப் பயண முறையில் போடக் கூடாது.

மாத்திரை இல்லாமல் ஆணுறை கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் பெப் சிகிச்சை, அதாவது நடந்த பிறகு எச்ஐவியைத் தடுக்கப் போடும் மாத்திரை, தொடங்க வேண்டும், 28 நாள் விடாமல். ஊர் திரும்பும்வரை காத்திருக்காதீர்கள், மணிக்கணக்குதான் முக்கியம். ராஜதமரி சாலையில் தாய் செஞ்சிலுவைச் சங்கத்தின் அனானிமஸ் கிளினிக் இருக்கிறது, சலா டேங்கிலிருந்து நடக்கும் தூரம். 1991-இல், பெயர் கேட்காமல் பரிசோதிக்கும் இடமாகத் தொடங்கியது.

ஊரில் என்றால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம், ரகசியம் காப்பார்கள். நேரில் போகத் தயங்கினால் எச்ஐவி உதவி எண் 1097-க்குப் போன் செய்து முதலில் பேசுங்கள்.

புதுச்சேரி: எனக்கு எச்ஐவி, ஏஆர்டி மாத்திரை சாப்பிடுகிறேன். உள்ளே விடுவார்களா?

தாராளமாக. எச்ஐவி இருப்பவர்கள் வரக் கூடாது என்று தாய்லாந்தில் தடை இல்லை. மாத்திரையைக் கைப்பையில், அதே டப்பாவில், மருத்துவர் சீட்டோடு வையுங்கள். பெட்டி தொலைந்தாலும் மாத்திரை தொலையக் கூடாது, நாலைந்து நாளைக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நேரம் நமக்கு ஒன்றரை மணி முந்தி: இரவு 9-க்குப் போடுகிறவர் அங்கே பத்தரைக்குப் போட்டால் சரி. வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருந்தால் உடலுறவு மூலம் உங்களிடமிருந்து யாருக்கும் பரவாது. தலை நிமிர்ந்து போய் வாருங்கள் தோழர்.

அரியாங்குப்பம்: வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான் பயம்.

பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது போன்தான். உங்கள் கூகுள் கணக்கு வீட்டு டேப்லெட்டிலோ டிவியிலோ திறந்திருக்கிறதா? அப்படியானால் சோய் 4-இல் எடுத்த படம் அம்மா சீரியல் பார்க்கும் திரையில் வந்து நிற்கும். கிளம்பும் முன் எல்லா இடத்திலும் வெளியேறுங்கள், படங்கள் தானாக ஏறுவதை நிறுத்துங்கள். வங்கிக் குறுஞ்செய்தி அப்பா எண்ணுக்குப் போகிறதா என்றும் பாருங்கள். அங்கே பணமாகச் செலவழித்தால் கடைப் பெயர் எதுவும் வராது, ஆனால் ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் பிடிக்கிறார்கள். இங்கிருந்தே மாற்றிப்போங்கள். ஆப்பில் பழகியவருக்கு முகமும் உடம்பும் சேர்ந்த படம் அனுப்பாதீர்கள். ஊர் திரும்பியபின் அதை வைத்து மிரட்டினால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் புகார் செய்யுங்கள்.

லாஸ்பேட்டை ஜோடியே மறுபடி: அங்கேயே கல்யாணம் பதிவு செய்துகொண்டால்?

வெளிநாட்டவரும் செய்யலாம். தூதரகச் சான்று, தாய் மொழிபெயர்ப்பு என்று காகித வேலை நிறைய, ஐந்து நாளில் முடிவது கஷ்டம். இந்தியாவில் அது செல்லாது, தன்பாலினத் திருமணம் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்புக்குப் பிறகும் நிலைமை அப்படியேதான். ஆனாலும் ஆசையிருந்தால் ஆசையை விடாதீர்கள். சீலோம் இருக்கும் மாவட்டத்தின் பெயர் பாங் ராக். ராக் என்றால் தாய் மொழியில் காதல். காதலர் தினத்தன்று அந்தப் பதிவு அலுவலகத்தில் கூட்டம் நெரியும்.

பண்ருட்டி: கஞ்சா அங்கே லீகலாமே?

விதியை 2025-இல் இறுக்கிவிட்டார்கள். அங்கே தொடாதீர்கள், இங்கே கொண்டுவரவே கொண்டுவராதீர்கள். பாங்காக்கிலிருந்து ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாமல் நீரில் வளர்த்த) கஞ்சாவோடு வருகிறவர்களைச் சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி பிடிக்கிறார்கள். எவ்வளவு அன்பாகப் பழகியவர் கொடுத்தாலும் பார்சல் வாங்காதீர்கள். இ-சிகரெட்டும் அங்கே தடை.

திருப்பாதிரிப்புலியூர்: அம்மா "அங்கே கோயில் இருக்காடா?" என்று கேட்கிறார்கள்.

இருக்கிறது. அதே சீலோம் சாலையில், சோய் 4-இலிருந்து இருபது நிமிஷம் நடந்தால் மகா மாரியம்மன் கோயில். அங்கே பிழைக்கப் போன தமிழர்கள் 1879-இல் கட்டியது. கோபுரத்தைப் பார்த்ததும் பாடலீஸ்வரர் சன்னதித் தெருவில் நிற்பதுபோல இருக்கும். தாய் பெண்கள் செவ்வந்தி மாலையும் தேங்காயும் தட்டில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். நவராத்திரி சமயம் போனால் விஜயதசமி ஊர்வலத்துக்காகச் சாலையையே மூடிவிடுவார்கள்.

உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். எதிர்ப் பக்கம் நின்று கோபுரம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்புங்கள். காலையில் போனால் வெயில் முகத்தில் அடிக்காது.