வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறதா?

அன்புள்ள ஐயா,

நானும் என் தோழியும் வேலையை விட்டுவிட்டு, குறைந்த விலையில் குடிநீர் ஃபில்டர் செய்யும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். ‘சேவை என்றால் அறக்கட்டளை வை, சம்பாதிக்க வேண்டுமானால் வியாபாரம் செய், இரண்டையும் கலக்காதே’ என்கிறார்கள் வீட்டில். இல்லாதவர்களின் கஷ்டத்தில் லாபம் பார்க்கிறோமோ என்று எனக்கே சில நாள் உறுத்துகிறது. நாங்கள் செய்வது தவறா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தவறில்லை. அந்த உறுத்தலும் இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் லாபம் வருகிறதா என்பதைவிட, யாருக்காகச் செய்கிறீர்களோ அவர்களால் ‘இது எனக்கு வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் விஷயம் என்பதால் ப்ளேபம்ப் நினைவுக்கு வருகிறது. பிள்ளைகள் ராட்டினம் சுற்றி விளையாடுவார்கள், அந்தச் சுற்றில் நிலத்தடி நீர் தொட்டிக்கு ஏறும். தொட்டியைச் சுற்றி விளம்பரப் பலகைகள், அந்த வருமானத்தில் பராமரிப்பு. தென்னாப்பிரிக்காவில் உருவான திட்டம். கேட்டவுடன் யாருக்கும் பிடித்துவிடும். 2000-இல் உலக வங்கியின் பரிசு கிடைத்தது, 2006-இல் அமெரிக்காவிலிருந்து பெரிய நிதி வந்தது. தண்ணீர் எடுக்க வந்த பெண்களைத்தான் சரியாகக் கேட்கவில்லை. பல ஊர்களில், நன்றாக ஓடிய கைப்பம்பைக் கழற்றிவிட்டு இதை வைத்தார்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் வயதான பெண்கள் ராட்டினத்தைக் கையால் தள்ள வேண்டியிருந்தது. சொன்னபடி ஒரு பம்பு 2,500 பேருக்குத் தண்ணீர் தர வேண்டுமானால் பிள்ளைகள் நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009-இல் கார்டியன் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. இதில் யாரும் பேராசைப்பட்டதாக நான் நினைக்கவில்லை. பணம் கொடுத்தவர் ஒருவர், பயன்படுத்தியவர் வேறொருவர். பிடிக்காதவர்களுக்கு மறுக்க வழியே இல்லை.

சரி, பயன்படுத்துபவரே காசு கொடுத்தால் போதுமா? அதுவும் போதாது. வங்கதேசத்தில் முகம்மது யூனுஸ் தொடங்கிய கிராமீன் வங்கி 1983-இல் முறைப்படி வங்கியானது. ஈடு கேட்காமல் ஏழைப் பெண்களுக்குக் கடன் கொடுத்தது, 2006-இல் நோபல் பரிசும் பெற்றது. அந்த வழியைப் பார்த்து வந்த பல கம்பெனிகள், வேகமாக வளர வேண்டும் என்ற அவசரத்தில், ஆந்திராவில் ஒரே குடும்பத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு கடன் கொடுத்தன. வசூலின் நெருக்கடியால் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்தன. 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. கழுத்தளவு கடனில் நிற்பவரால் அடுத்த கடனை எப்படி மறுக்க முடியும்? உங்களிடம் முதலீட்டாளர் வந்தால், எத்தனை வருடம் பொறுப்பார் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

நான் மனதாரக் கும்பிடுவது டாக்டர் கோ. வெங்கடசாமியை. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே கட்டணம் கட்டுவதா, இலவசமாகப் பார்த்துக்கொள்வதா என்பது நோயாளியின் முடிவு. வருமானச் சான்று கேட்பதில்லை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியில் விலை அதிகம் என்றதும், 1992-இல் ஆரோலேப் என்று தனி அமைப்பு தொடங்கித் தாங்களே தயாரித்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது. கட்டணம் கட்டுபவரும் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஆகவே தரத்தில் தளர முடியாது. கலக்காதே என்று சொல்லும் உங்கள் வீட்டாருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். அறக்கட்டளையா கம்பெனியா என்பதை ஆடிட்டரிடம் விட்டுவிடலாம்.

அப்புறம் உங்கள் ஃபில்டர். விற்கப்போகும் இடத்துத் தண்ணீரை முதலில் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கிருமியை வடிகட்டும் பீங்கான் ஃபில்டர், கரைந்திருக்கும் ஃபுளோரைடையோ ஆர்செனிக்கையோ தடுக்காது. அது தெரியாமல் ‘சுத்தமான தண்ணீர்’ என்று விற்றால், மறுக்கத் தேவையான தகவலையே வாங்குபவரிடமிருந்து எடுத்துவிடுகிறீர்கள். வடிகட்டி தேய்ந்தபின் மாற்று எங்கே கிடைக்கும், என்ன விலை என்பதையும் விற்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆறு மாதம் கழித்து, முதலில் வாங்கிய வீடுகளுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். ஃபில்டரை மூலையில் ஒதுக்கி வைத்திருக்கும் வீட்டில் கூடுதல் நேரம் உட்காருங்கள். அவர்கள் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.